மாடித்தோட்டத் தொட்டியில் செடி நீரையும் சத்தையும் காற்றையும் எடுத்துக்கொள்ள வழி செய்வது எப்படி

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் தவறாமல் எழும் கேள்வி, "இலை மஞ்சளடிக்கிறது, என்ன உரம் போடலாம்?" என்பதுதான். ஒருவர் மண்புழு உரம் என்பார், மற்றொருவர் மீன் அமிலம் என்பார், இன்னொருவர் வேப்பம்புண்ணாக்கு என்பார். தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வடிகிறதா என்று கேட்பவர் அரிது. சத்து போதிய அளவு இருந்தும் அதை எடுத்துக்கொள்ளும் நிலையில் வேர் இல்லாமற்போவதால் வரும் மஞ்சளும் வாட்டமும் தொட்டிச் செடிகளில் மிக அதிகம். ஆகவே, ஒரு செடி தண்ணீரையும் தாதுச் சத்துகளையும் கரியமில வாயுவையும் எவ்வழியாக, எந்த விசையால் உள்ளே எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப மண்கலவையையும் நீர் ஊற்றுவதையும் உரமிடுவதையும் அமைத்துக்கொள்ளும் முறையை இங்கே காண்போம்.

செடியின் உடம்பு எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 17ஆம் நூற்றாண்டில் பிரசெல்ஸ் நகரைச் சேர்ந்த மருத்துவரும் வேதியியலாளருமான வான் ஹெல்மாண்ட், 200 பவுண்டு உலர்ந்த மண் நிரப்பிய தொட்டியில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ்தான். மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின் 1648இல் அச்சேறிய நூலில் இந்தச் சோதனை இடம்பெற்றுள்ளது. அவருடைய முடிவு பாதிதான் சரி. மரக்கரி எரியும்போது வெளிப்படும் வாயு சாதாரணக் காற்றிலிருந்து வேறானது என்று கண்டு சொன்னவரும் அவரே என்றாலும், தம் மரத்தின் எடையில் பெரும்பங்கு அதே வாயுவிலிருந்து, அதாவது கரியமில வாயுவிலிருந்து, வந்தது என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரு செடியை நன்கு உலர்த்தி எடை பார்த்தால் அதில் சுமார் 45 விழுக்காடு கார்பன், ஏறத்தாழ அதே அளவு ஆக்சிஜன், 6 விழுக்காடு ஹைட்ரஜன். இவை காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை. எஞ்சிய சில விழுக்காட்டைத்தான் மண் தருகிறது. அந்தச் சிறு பங்கு இல்லாமல் செடி பிழைக்காது என்பது உண்மை. ஆனால் உரத்தைக் கூட்டினால் செடி அதே விகிதத்தில் பருக்கும் என்று எண்ணுவதற்கு இதில் இடமில்லை.

வேருக்கு முதலில் காற்று

வேரின் நுனிக்குச் சற்று மேலே, கண்ணுக்கு வெண்பஞ்சு போலத் தெரியும் பகுதியில் இருப்பவை வேர்த்தூவிகள். ஒவ்வொரு தூவியும் ஒரே செல்லின் நீட்சி. சில நாள்களிலிருந்து சில வாரங்கள் வரைதான் அதற்கு ஆயுள். தண்ணீரில் பெரும்பகுதியும் சத்துகளும் இந்தத் தூவிகளின் வழியாகவும் வேரின் இளம்பகுதி வழியாகவும்தான் உள்ளே செல்கின்றன. நாற்றைப் பிடுங்கி நடும்போது இந்தத் தூவிகள் அறுந்துவிடுவதால்தான், ஈரமண்ணில் நட்டிருந்தும் நாற்று தலை சாய்கிறது. மாலையில் நடுவது, வேர்மண் உதிராமல் நடுவது, இரண்டு மூன்று நாள்கள் நிழல் கொடுப்பது ஆகிய மூன்றும், புதிய தூவிகள் முளைக்கும்வரை இலை வழியாக நீர் அதிகம் போகாமல் காப்பதற்கான வழிகள்.

தண்ணீர் வேருக்குள் செல்வதற்குச் செடி நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் குறைவு. வேரின் செல்களுக்குள் கரைந்துள்ள பொருள்கள் மண்நீரில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதாலும், மேலிருந்து இலை இழுப்பதாலும் தண்ணீர் தானாகவே உள்ளே நகர்கிறது. தாதுச் சத்துகளின் கதை வேறு. மண்நீரில் மிக நீர்த்துக் கிடக்கும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பொட்டாசியத்தையும் செறிவு கூடிய செல்லுக்குள் ஏற்ற வேண்டுமானால், வேர் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அந்த ஆற்றல் வேரின் சுவாசத்திலிருந்து வருகிறது. சுவாசத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. தொட்டியின் இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறைந்து நின்றால், வேர் மூச்சுத் திணறிச் சத்தெடுப்பதை நிறுத்துகிறது. சிறிது காலத்தில் நீரெடுப்பதும் குறைகிறது. அப்போது செடி வாடும். வாடுவதைக் கண்டு மேலும் ஒரு வாளி ஊற்றுவோம். மாடியில் செடிகள் சாவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே கலவை தயாரிக்கும்போதே காற்றுக்கு இடம் விட வேண்டும். செம்மண், மக்கிய தென்னைநார்க் கழிவு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஆகியவற்றைக் கன அளவில் சம பங்காகக் கலப்பது காய்கறிகளுக்குப் போதுமானது. களிமண் மிகுந்த மண்ணாக இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல் சேர்க்கலாம். மக்காத நார்க்கழிவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள உப்பு வேரைத் தாக்கும், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் கலவையிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தமக்கு எடுத்துக்கொள்வதால் செடி வெளிறிப்போகும். கட்டியாக வாங்கியதை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிப் பிழிந்த பின்பே கலக்க வேண்டும்.

தொட்டியின் அடியில் ஜல்லி அல்லது ஓட்டுத்துண்டு பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது, அது சரியல்ல. பாத்திரம் துலக்கும் பஞ்சை நனைத்துத் தூக்கிப் பிடித்தால், சொட்டுவது நின்ற பின்னும் அதன் அடிப்பகுதி ததும்ப ஈரமாக இருக்கும் அல்லவா, அதுபோலத் தொட்டி மண்ணின் கீழ்ப்பகுதியிலும் ஒரு நீர்ப்பட்டை எப்போதும் தங்கும். ஜல்லி பரப்பினால் அந்தப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்து, வேருக்குக் கிடைக்கும் இடத்தைக் குறைத்துவிடுகிறது. துளை மண்ணால் அடைபடாமல் இருக்க ஒரே ஓர் ஓட்டுத்துண்டோ தேங்காய் நாரோ போதும். ஆழமான தொட்டி அல்லது செடி வளர்ப்புப் பை, பக்கவாட்டிலும் அடியிலும் துளைகள், தளத்தில் ஒட்டாமல் செங்கல் மீது தூக்கி வைத்தல் ஆகியவையே உண்மையில் வடிகாலைத் தருகின்றன.

சந்தேகம் வந்தால் செடியைத் தொட்டியோடு சாய்த்து, மண்கட்டியை மெல்ல வெளியே நழுவவிட்டுப் பாருங்கள். வேர்நுனிகள் வெண்மையாக, விறைப்பாக இருந்து, மண்ணில் மழைக்கால மண்வாசம் வந்தால் வேர் நலமாக இருக்கிறது. நுனிகள் பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் கழன்று நூல் போன்ற நடுநரம்பு மட்டும் கையில் வந்து, சாக்கடை நாற்றம் அடித்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் எந்த உரமும் பயன் தராது. அழுகிய வேரைக் கத்தரித்து, இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, புதிய காற்றோட்டமான கலவையில் நட்டு நிழலில் வைப்பது ஒன்றே வழி.

இலை இழுக்கும் தண்ணீர்

வேர் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். பகலில் பெருமளவு வேலை இழுவையால் நடக்கிறது. இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது, இலைச்செல்களின் சுவர்களில் உள்ள நீர்ப்படலம் பின்னுக்கு இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்வதால் அந்த இழுவை தண்டின் சாற்றுக்குழாய்கள் வழியாக வேர்வரை எட்டுகிறது. அயர்லாந்து அறிஞர்களான டிக்சன், ஜோலி ஆகிய இருவரும் 1894இல் முன்வைத்த இந்த விளக்கமே இன்றளவும் ஏற்கப்பட்டுள்ளது. வேரின் தள்ளுவிசை தெரிவது பெரும்பாலும் இரவில்தான். விடியற்காலையில் தக்காளி இலையின் பல்விளிம்புகளிலும் சேம்பிலை நுனியிலும் வரிசையாக நிற்கும் துளிகளில் பல, பனி அல்ல. வேர் இரவெல்லாம் தள்ளி வெளியேற்றிய நீர்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். வெள்ளைப் பூவுள்ள காசித்தும்பைக் கிளை ஒன்றை, தண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தபடியே வெட்டுங்கள். வெளியே வெட்டினால் சாற்றுக்குழாயில் காற்றுக்குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துவிடும். பிறகு சிவப்பு மை கலந்த நீரில் வைத்து வெயிலும் காற்றும் படும் இடத்தில் விட்டால், ஒளிபுகும் தன்மையுள்ள அந்தத் தண்டில் சிவப்புக் கோடுகள் ஏறுவதையும், சில மணி நேரத்தில் இதழ் நரம்புகள் சிவப்பதையும் காணலாம். இன்னொரு கிளையின் மீது நெகிழிப் பையை மாட்டி வாயைக் கட்டிவிட்டால், பைக்குள் ஈரம் நிறைவதால் மை ஏறுவது மந்தமாகிவிடும். மழை மூட்டமான நாளில் தொட்டிக்கு ஏன் குறைவாக நீர் ஊற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

நீர் ஊற்றுவதற்கு உகந்த நேரம் காலை. ஏனெனில் இலைத்துளைகள் வெளிச்சத்தில் திறந்து இழுவை தொடங்கும்போது வேரடியில் நீர் இருக்க வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று ஊற்றாமல் விடலாம். ஊற்றும் நாளில் அடித்துளையில் வடியும்வரை பூவாளியால் நிதானமாக ஊற்ற வேண்டும். மேற்பரப்பை மட்டும் நனைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும், சித்திரை வெயிலில் மேல்மண் கொதிக்கும்போது அந்த வேர்தான் முதலில் கருகும். மேல்மண்ணைக் காய்ந்த இலைச்சருகாலோ தேங்காய் மட்டைத் தூளாலோ மூடாக்குப் போட்டு மறைப்பது நீரையும் வேரையும் ஒருங்கே காக்கும்.

நண்பகலில் கத்தரியும் பூசணியும் இலையைத் தொங்கவிட்டால் உடனே பதற வேண்டாம். இழுவை வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத சில மணி நேரம் அது. மாலையில் இலை நிமிர்ந்துவிட்டால் குறையில்லை, கோடையில் நிழல்வலை கட்டினால் போதும். விடியற்காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும்: மண் காய்ந்திருந்தால் நீர் வேண்டும், ஈரமாக இருந்தால் வேரைப் பார்க்க வேண்டும்.

சத்து எந்த வடிவில் போகிறது

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் நீங்கலாக, செடிக்கு இன்றியமையாதவை என்று 14 தனிமங்கள் கணக்கிடப்படுகின்றன. இவை நீரில் கரைந்த அயனிகளாகத்தான் வேருக்குள் நுழைகின்றன. சாணத்திலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் யூரியாவிலிருந்து வந்த நைட்ரேட்டுக்கும் வேர் வேறுபாடு காண்பதில்லை. தொழு உரத்தின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது: அது மண்ணைப் பொலபொலப்பாக்கிக் காற்றுக்கு இடம் தருகிறது, சத்தை மெதுவாக விடுவிக்கிறது, நுண்ணுயிர்களை வாழவைக்கிறது. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய தொட்டியில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையே வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன.

சத்துகள் வேரை வந்தடையும் விதம் ஒன்றுபோல் இல்லை என்பதை உரமிடும்போது நினைவில் கொள்ள வேண்டும். நைட்ரேட்டும் கால்சியமும் மக்னீசியமும் வேரை நோக்கி ஓடும் நீரோடு வந்துவிடுகின்றன. மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்துகள்களைப் பற்றிக்கொண்டு சில மில்லிமீட்டர் தூரம்கூட எளிதில் நகராது. ஆகவே அதை மேலே தூவுவதால் பயன் குறைவு. எலும்புத் தூள் போன்ற மணிச்சத்து உரங்களைப் பை நிரப்பும்போதே கலவையில் சேர்த்துவிட வேண்டும். மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும், வேரோடு கூடி வாழ்ந்து தன் மெல்லிய இழைகளால் தொலைவிலுள்ள மணிச்சத்தைத் திரட்டித் தரும் வேம் பூஞ்சாணமும் இதற்குத் துணை செய்யும். இவற்றையும் வேருக்கு அருகில் இட்டால்தான் பலன்.

அளவு மீறினால் நிலைமை தலைகீழாகும். மண்நீரில் உப்பு செறிவடைந்தால் வேரால் நீரை உள்ளே இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும், இலைநுனிகள் கருகும், தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை உப்புப் பூக்கும். அப்படியானால் உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும்.

குறை எது என்பதை அறிய, மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்பதை முதலில் பாருங்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்ப வல்லது. அதனால் இவற்றின் குறை அடியிலைகளில் தெரியும். இரும்பையும் கால்சியத்தையும் அவ்வாறு எளிதில் இடம்மாற்ற முடியாது. அதனால் குறை தளிரிலோ பிஞ்சிலோ தெரியும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் ஊற்றும் வீடுகளில் கறிவேப்பிலையைக் கூர்ந்து பார்த்தால் இதைக் காணலாம்: கீழ் இலைகள் கரும்பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் எலுமிச்சை மஞ்சளாகி, அதில் நரம்புகள் பச்சை வலைபோலத் தனித்துத் தெரியும். மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. நீரிலுள்ள பைகார்பனேட் மண்ணின் காரத்தன்மையை உயர்த்த, இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விட்டது. இதற்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் கொழுந்தின் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். இது தற்காலிகத் தீர்வுதான். மக்கிய உரத்தைக் கூட்டுவதும், இயன்றபோது மழைநீரை ஊற்றுவதும் நிலையான பலன் தரும்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவது கால்சியம் காய்க்கு எட்டாததால் வருவது. கால்சியம் சாற்றுக்குழாய் நீரோடு மட்டுமே பயணம் செய்கிறது. இலை அதிக நீரை ஆவியாக்குவதால் பெரும்பங்கு இலைக்கே போய், காய்க்குக் கிடைப்பது சொற்பம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் தொட்டிகளில் அந்தச் சொற்பமும் தடைபடுகிறது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவதை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். அது கரைந்து பயன் தருவதற்குள் தக்காளியின் காலமே முடிந்துவிடும். நீர் ஊற்றுவதைச் சீராக்கினாலே அடுத்த கொத்துக் காய்கள் பெரும்பாலும் நன்றாக வந்துவிடும்.

இலைத்துளையும் கரியமில வாயுவும்

காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 விழுக்காடுதான். அதைப் பிடிக்க இலைத்துளைகள் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். தக்காளி, கத்தரி, அவரை போன்ற செடிகளில் ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடுகின்றன. மண் காயத் தொடங்கியதும், இலை தொங்குவதற்கு முன்பே துளைகள் மூடிக்கொள்கின்றன. பார்வைக்குச் செடி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அன்றைய உணவு தயாரிப்பு நின்றுவிட்டிருக்கும். துளையைத் திறக்கும் காப்புச்செல்கள் பொட்டாசியத்தை உள்ளிழுத்து, அதனோடு நீரும் புகுந்து உப்புவதால்தான் துளை திறக்கிறது; சாம்பல்சத்துக் குறைந்த செடி வறட்சியை மோசமாகச் சமாளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துளைகளைப் பார்க்க விரும்பினால், வழவழப்பான இலையின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவி, உலர்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்துப் பள்ளி நுண்ணோக்கியில் வையுங்கள். உதடுகள் போன்ற இரட்டைச் செல்களின் அச்சு தெளிவாகத் தெரியும். மேற்புறத்தை இப்படி எடுத்தால் பல செடிகளில் துளைகள் மிகக் குறைவாகவே இருக்கும்.

திறந்த மாடியில் கரியமில வாயுவை நாம் தனியாக ஊட்ட வேண்டியதில்லை. மூடிய பசுமைக்குடில்களுக்கே அது பொருந்தும். நாம் செய்யக் கூடியது, காற்று இலைகளுக்கிடையே புகுந்து செல்லுமாறு பைகளை இடைவெளி விட்டு வைப்பதும், தக்காளியின் அடியிலைகளைக் கழித்துவிடுவதும், சாலைப்புழுதி படிந்த இலைகளை வாரம் ஒருமுறை கைத்தெளிப்பானால் கழுவுவதுமே. இலை பளபளக்க எண்ணெய் பூசும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள், எண்ணெய் துளைகளை அடைக்கும், புழுதியையும் பிடித்துவைக்கும்.

எல்லாச் செடியும் ஒரே வழியில் இயங்குவதில்லை. தண்டுக்கீரையும் சோளமும் கரியமில வாயுவைச் செறிவுபடுத்திப் பயன்படுத்தும் அமைப்புடையவை என்பதால் கொளுத்தும் வெயிலிலும் சளைக்காமல் வளரும். அவற்றுக்கு நிழல்வலை தேவையில்லை. சோற்றுக்கற்றாழையும் டிராகன் பழக்கொடியும் இரவில் துளைகளைத் திறந்து வாயுவைச் சேமித்து, பகலில் மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்துகின்றன. தக்காளிக்கு ஊற்றும் கணக்கில் அவற்றுக்கு ஊற்றினால் வேர் அழுகும் என்பதால், இவற்றைத் தக்காளியோடு ஒரே சொட்டுநீர்க் குழாயில் இணைக்காமல் தனி வரிசையாக வைப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்குகள் எல்லாம் மாறும். ஈரக்காற்றில் இலையின் இழுவை குறையும், தொட்டி நாள்கணக்கில் நனைந்தே கிடக்கும், நைட்ரேட் மழைநீரோடு அடித்துளை வழியாகக் கழுவப்பட்டுவிடும். மழை தொடங்குமுன் அடியில் வைத்திருக்கும் தட்டுகளை எடுத்துவிட்டு, துளைகளை ஒரு குச்சியால் குத்திச் சரிபார்த்து, நாற்றுத் தட்டுகளைக் கூரைக்கடியில் நகர்த்த வேண்டும். மழை விட்டபின் உடனே உரமிடாமல், மேல்மண் உலர்ந்ததும் கைக்கொத்தால் மேலாகக் கிளறி, இரண்டு நாள் கழித்து ஒரு பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இட்டு மண்ணால் மூடலாம். தொடர் மழையில் வேர் தளர்ந்திருக்கும் செடிகளுக்கு, 3 விழுக்காடு பஞ்சகவ்யக் கரைசலை, அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி வீதம் வடிகட்டிக் கலந்து, மாலையில் இலைவழியாகத் தெளித்தால், புதிய வேர் ஓடும்வரை அது ஓரளவு கைகொடுக்கும்.